பிரெஞ்சு எழுத்துமேசையும் அதைச் செய்த கைகளும்

(நூற்றாண்டு ஆண்டையொட்டிய மாதாந்த உரைத்தொடரில், சங்கத்தின் வாசகர் வட்டம் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



இந்த மாத உரைக்குப் பழைய பிரெஞ்சு எழுத்துமேசையைப் பொருளாக எடுத்துக்கொண்டோம் என்றதும், “மேசையைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசலாமா?” என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். பேசலாம் என்றே நினைக்கிறோம். ஒரு மேசையை யார் செய்தார், யாருக்காகச் செய்தார், யாருடைய பெயர் அதில் பொறிக்கப்பட்டது, யாருடைய பெயர் பொறிக்கப்படவில்லை என்று விசாரிக்கத் தொடங்கினால், அது தச்சுவேலையோடு நின்றுவிடும் கதை அல்ல. அதில் பெண்களின் கதையும் வருகிறது. இன்று நாம் சொல்ல விரும்புவது முக்கியமாக அதைத்தான்.

தளபாடம் என்பது கடல் கடந்து பயணிக்கும் பொருள். நாம் நாள்தோறும் சொல்லும் மேசை, கதிரை, அலுமாரி என்ற சொற்கள் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. லாச்சி ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. எதிர்த்திசையில் இங்கிருந்து போனது மரம். பிரெஞ்சு மொழியில் உயர்தரத் தளபாடம் செய்பவரை ‘எபெனிஸ்ற்’ என்பார்கள். ‘எபென்’ என்றால் கருங்காலி. கருங்காலியை மெல்லிய தகடாக அறுத்துப் பெட்டகங்களின்மேல் ஒட்டும் வேலை 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பரவியபோது, அந்த மரத்தின் பெயரே தொழிலாளியின் பெயராயிற்று. கருங்காலி பல நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. எமது வரண்ட வலயக் காடுகளில் வளரும் கருங்காலி அவற்றுள் பெயர்பெற்றது.

இனி மேசைக்கு வருவோம்.

பிரெஞ்சு எழுத்துமேசைகளுள் மிகவும் புகழ்பெற்றது வேர்சாய் மாளிகையில் இருக்கும் ‘அரசரின் மேசை’. 15ஆம் லூயி மன்னருக்காக 1760இல் இதன் வேலையைத் தொடங்கியவர் ஜோன் பிரான்சுவா ஒபென். இவர் ஜேர்மனியப் பகுதியிலிருந்து பாரிஸுக்கு வந்து குடியேறியவர். மேசையின் மேற்பகுதியை உருளும் மூடி ஒன்று மூடுகிறது. மரக்கீற்றுகளை வரிசையாக இணைத்துச் செய்த அந்த மூடி வளைந்து உள்ளே சென்று மறைந்துவிடும். சாவியை ஒரேயொரு தடவை கால்வட்டம் திருப்பினால் மூடியும் லாச்சிகளும் ஒன்றாகத் திறக்கும். மைக்கூடுகளுக்கு மை ஊற்ற வரும் பணியாள் மன்னரின் கடிதங்களைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, அவற்றைப் பக்கவாட்டிலிருந்து தனியே எடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். எழுதுபவருக்கு அந்தரங்கம் வேண்டும் என்பதே இவ்வளவு பொறிவேலைக்கும் காரணம்.

ஒபென் அந்த மேசையின் முடிவைக் காணவில்லை. 1763இல் பெருங்கடனை விட்டுவிட்டு இறந்துபோனார். பட்டறையைக் கையில் எடுத்தவர் அவருடைய மனைவி பிரான்சுவாஸ் மார்கரித் வான்டர்குறூஸ். அவரும் தளபாடத் தொழிற் குடும்பத்தில் பிறந்தவரே. அவருடைய சகோதரர் ரோஜே பெயர்பெற்ற எபெனிஸ்ற். அக்காலத்துத் தொழிற்சங்க விதிப்படி பெண் ஒருவர் தாமாகத் தொழில் ஆசானாக முடியாது. ஆனால் ஓர் ஆசானின் விதவை, கணவரின் பட்டறையையும் அவருடைய முத்திரையையும் தொடர்ந்து பயன்படுத்தலாம். அந்த ஒரு வாசலால்தான் அவர் உள்ளே வந்தார். பட்டறையில் வேலைசெய்த ஜோன் ஹென்றி ரீஸ்னர் என்ற இளைஞர் வேலைகளைக் கவனித்தார். அந்த ஆண்டுகளில் அங்கிருந்து வெளியான மேசைகளில் இறந்துபோன ஒபெனின் முத்திரையே விழுந்தது. 1767இல் ரீஸ்னர் அவரை மணந்தார். அடுத்த ஆண்டு ஆசானாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். 1769இல் அரசரின் மேசை மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. மேசையின் மரப்பதிப்பு வேலையில் இன்றும் காணப்படும் பெயர் ரீஸ்னர்.

தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் ஒருவர் என்று கலை நூல்கள் எழுதும். இடைப்பட்ட ஆண்டுகளில், கடன்காரருக்கு நடுவே, பட்டறை கலைந்துபோகாமல் தாங்கிய பெண்ணின் பெயர் மேசையில் எங்கும் இல்லை. அவருடைய மகள் விக்துவார் ஒபென். அந்த விக்துவாரின் மகன்தான் 19ஆம் நூற்றாண்டின் பெரும் ஓவியர் எஜீன் டெலக்ருவா. பேரனின் பெயரை உலகம் அறியும்.

அந்தக் காலத்துப் பாரிஸ் தச்சர்களைப் பற்றிச் சொல்லும்போது ஓர் இடத்தின் பெயரைச் சொல்லாமல் விடமுடியாது. அது நகரின் கிழக்கே உள்ள சென்-அந்துவான் புறநகர். எங்கள் வழக்கில் சொல்வதானால் புனித அந்தோனியார் புறநகர். நகருக்குள் தொழிற்சங்கத்தின் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. அந்தப் புறநகரில் அது தளர்ந்திருந்தது. காரணம், அது கன்னியாஸ்திரிகளின் மடம் ஒன்றுக்குரிய நிலம். மடத்துத் தலைவியின் ஆளுகைக்குள் இருந்த கைவினைஞருக்குச் சங்கத்தில் சேராமலே தொழில் செய்யும் சுதந்திரத்தை 1657இல் 14ஆம் லூயியின் ஆணை உறுதிசெய்தது. ஜேர்மனி, பிளாண்டர்ஸ் முதலிய இடங்களிலிருந்து வந்த ஏழைத் தச்சர்கள் அங்கே கூடியதற்கு அதுவே காரணம். அந்த மடம் இருந்த இடத்தில் இன்று ஒரு பெரிய வைத்தியசாலை இயங்குகிறது.

பிரெஞ்சுப் புரட்சி எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 1791இல் தொழிற்சங்கங்கள் ஒழிக்கப்பட்டன. 1793 ஓகஸ்ட் முதல் ஏறத்தாழ ஓராண்டு காலம் வேர்சாய் மாளிகையின் தளபாடங்கள் ஏலத்தில் போயின. 17,000க்கும் மேற்பட்ட ஏலத் தொகுதிகள். தாம் செய்த பொருட்களைத் தாமே விலைகொடுத்து வாங்கியவர்களுள் ரீஸ்னரும் ஒருவர். மறுபடி நல்ல விலைக்கு விற்கலாம் என்று நம்பினார்; காலம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அரசரின் மேசை ஏலத்திலிருந்து தப்பியது. ஆனால் அதிலிருந்த அரச சின்னங்களை நீக்கி வேறு அலங்காரங்களைப் பொருத்தினார்கள்.

அரை நூற்றாண்டு கழிந்தது. மூன்றாம் நெப்போலியனின் மனைவி எஜெனி பேரரசிக்கு மரி அந்துவானெத் அரசியின் மீது பெரும் ஈடுபாடு. 1867இல் அவருடைய ஆதரவுடன் மரி அந்துவானெத் நினைவுக் கண்காட்சி ஒன்று வேர்சாயில் நடந்தது. அரண்மனையின் விருப்பம் செல்வந்தரின் விருப்பமாயிற்று. இரும்புப்பாதை, வங்கி, சுரங்கம் என்று புதுப்பணம் சேர்த்தவர்கள் அரசர் காலத்து மேசைகளைத் தேடினார்கள். அசல்கள் கொஞ்சம், கேட்டவர்கள் அதிகம். ஆகவே 19ஆம் நூற்றாண்டின் எபெனிஸ்ற்களுக்கு ஒரு புதிய வேலை பிறந்தது. நூறு ஆண்டுக்கு முந்திய மேசைகளை மறுபடி செய்வதுதான் அந்த வேலை.

அரசரின் மேசையின் பிரதி ஒன்றை ஹேர்ட்போர்ட் பிரபு செய்வித்தார். அது இன்று லண்டனில் வாலஸ் சேகரத்தில் இருக்கிறது. ஹென்றி தசோன் என்பவர் 1871இல் விங்கெல்சன் என்ற கைவினைஞரின் விதவையிடமிருந்து பட்டறையை வாங்கித் தொழிலை விரித்தவர். அவர் செய்த பிரதி 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது; இங்கிலாந்தின் அஷ்பேர்ட்டன் சீமாட்டி அதை வாங்கினார். பெர்தெலே குடும்பத்தினர் தலைமுறைகளாக இத்தொழிலில் நிலைத்து 1895இல் கடையை மூடினார்கள். பொஹீமியாவில் பிறந்த பிரான்சுவா லிங்கே 1875இல் பாரிஸுக்கு வந்து, 1881இல் அதே சென்-அந்துவான் புறநகரில் பட்டறை வைத்தார். பழையதைப் பிரதிசெய்வது மட்டும் அவருக்குப் போதவில்லை. லியோன் மெசாஜே என்ற சிற்பியோடு சேர்ந்து, பழைய வளைவுகளோடு புதிய காலத்துக் கொடிவடிவங்களைக் கலந்து ஒரு மாபெரும் மேசையை உருவாக்கினார். 1900 உலகக் கண்காட்சியில் அந்த மேசைக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது.

இவை போலிப் பொருட்களா என்று கேட்கலாம். ஏமாற்றுவதற்காகச் செய்த போலிகளும் சந்தையில் இருந்தன. ஆனால் நாம் பெயர்சொன்ன இவர்கள் தம் வேலைக்குத் தம் பெயரை இட்டவர்கள். கர்நாடக இசையில் பழைய கீர்த்தனையைப் பாடுபவரை நாம் போலி என்று சொல்வதில்லை அல்லவா? பாடும் திறத்தைத்தான் பார்க்கிறோம். இவர்களையும் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

இப்படியான ஒரு மேசை எப்படி உருவாகிறது? முதலில் ஓக் போன்ற உறுதியான மரத்தில் உடற்கூடு. அதன்மேல் மெல்லிய மரத்தகடு. எங்கள் தச்சர்கள் ‘வினியர்’ என்று சொல்வதுதான். பூ, கொடி, இசைக்கருவி என்று படம் வரைந்து, வெவ்வேறு நிற மரத்தகடுகளை அந்தந்த வடிவில் வெட்டிப் பொருத்துவார்கள். வெட்டுபவர் குதிரைமேல் இருப்பதுபோல ஒரு மரப் பீடத்தில் கால்போட்டு அமர்ந்து, காலால் பிடியை அழுத்தித் தகட்டை இறுக்கிக்கொண்டு, நுண்ணிய வாளால் அறுப்பார். இதழ் ஒன்றின் ஓரத்தில் நிழல் விழுந்ததுபோலத் தோன்ற வேண்டுமானால் அந்தத் துண்டைச் சுடுமணலில் செருகிக் கருக்குவார்கள். பிறகு சூடான வச்சிரப்பசையால் ஒட்டுவார்கள். செய்த காலத்தில் பச்சை, நீலம், சிவப்பு என்று சாயமேற்றிய மரங்களும் இருந்தன. ஒளிபட்டு நிறம் மங்கியதால் இன்று எல்லாம் மண்ணிறமாகத் தெரிகின்றன. நாம் ‘பழமையின் அழகு’ என்று மெச்சுவது பல இடங்களில் வெளிறிப்போன நிறமே.

மரங்கள் எங்கிருந்து வந்தன? ஊதாநிற மரங்கள் பிரேசிலிலிருந்தும் கயானாவிலிருந்தும், மஹோகனி கரிபியன் தீவுகளிலிருந்தும் வந்தன. 18ஆம் நூற்றாண்டில் அங்கே அந்த மரங்களைத் தறித்தவர்கள் அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்கர்கள். அவர்களுடைய பெயரையும் எந்த மேசையிலும் காணமுடியாது.

மரவேலை முடிந்ததும் பொன்போல மின்னும் வெண்கல அலங்காரம். இங்கே கொஞ்சம் நிதானித்துப் பார்ப்போம். சிற்பி மாதிரி செய்வார். வார்ப்பவர் வெண்கலத்தில் வார்ப்பார். செதுக்குபவர் இலை நரம்புவரை செதுக்கிச் சீராக்குவார். பிறகு பொன்முலாம். பொன்னைப் பாதரசத்தோடு குழைத்து, அந்தக் குழம்பை வெண்கலத்தின்மேல் பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும். பொன் மட்டும் ஒட்டி நிற்கும். போகும் பாதரச ஆவி முலாமிடுபவரின் நெஞ்சுக்குள்தான் போயிற்று. கைநடுக்கம், பல் உதிர்தல், இளவயது மரணம் என்று அந்தத் தொழில் உடலைத் தின்றது. ரவ்ரியோ என்ற வெண்கலத் தொழிலதிபர் 1814இல் இறந்தபோது, முலாமிடுபவரை இந்தத் தீங்கிலிருந்து காக்கும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கென 3,000 பிராங்கைத் தம் மரணசாசனத்தில் ஒதுக்கிவைத்தார். தம் செல்வம் யாருடைய மூச்சிலிருந்து வந்தது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். அந்தப் பரிசு 1818இல் தார்சே என்ற இரசாயனவியலாளருக்குப் போயிற்று. ஆவியை மேலே இழுத்து வெளியேற்றும் புகைபோக்கி கொண்ட உலையை அவர் வடிவமைத்தார். 1840களில் மின்சாரத்தால் முலாமிடும் முறை வந்தபிறகும், பாதரச முலாமின் மினுக்கம் வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளருக்காகப் பழைய முறையும் நெடுங்காலம் தொடர்ந்தது.

முலாமிட்ட வெண்கலத்தைக் கடினமான வழுவழுப்புக் கல்லால் தேய்த்து மினுக்கும் வேலை பாரிஸில் பெரும்பாலும் பெண்களின் வேலை. கண்காட்சியில் வந்து நின்று “என்ன மினுக்கம்!” என்று வியந்தவர்கள் வியந்தது அந்தப் பெண்களின் கைவேலையை. பதக்கம் கடைக்காரருக்குப் போனது.

ஒரு மேசை 18ஆம் நூற்றாண்டினதா 19ஆம் நூற்றாண்டினதா என்று அறிய எதைப் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதலாவது வினியர். கைவாளால் அறுத்த பழைய தகடு தடிப்பானது, சமனற்றது. இயந்திரத்தால் அறுத்தது ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லியதாக, ஒரே சீராக இருக்கும். இரண்டாவது திருகாணி. பழையதன் புரிகள் கையால் வெட்டியவை. ஒன்றுபோல் ஒன்று இராது. மூன்றாவது பெயர். பழைய மேசையில் ஆசானின் முத்திரை மரத்தில் அடிக்கப்பட்டிருக்கும். சங்கங்கள் ஒழிந்தபின் முத்திரையிடும் கட்டாயம் இல்லை. அதனால் 19ஆம் நூற்றாண்டினர் விரும்பிய இடத்தில் பெயரிட்டார்கள். சிலர் வெண்கலத்தின் ஓரத்தில், சிலர் பூட்டுத் தகட்டில்.

பூட்டுத் தகட்டில் பெயரிட்டவர்களுள் ஒருவர் போல் சொர்மானி. 1817இல் இத்தாலியின் லொம்பார்டியில் பிறந்து, பாரிஸுக்கு வந்து, சிறு பெட்டிகளும் பயணப் பேழைகளும் செய்யும் தொழிலில் தொடங்கி, பெண்கள் எழுதுவதற்கான சிறு மேசைகள்வரை முன்னேறியவர். ‘நாளின் இன்பம்’ என்று பிரெஞ்சில் அழகாகப் பெயரிடப்பட்ட சிறு எழுத்துமேசை 1760களில் தோன்றியது. ஒல்லியான கால்கள், ஒரு பலகை, பின்புறம் சிறு அடுக்குகள், ஒரு பூட்டு. வீட்டில் தனி அறை இல்லாத பெண்ணுக்கும் பூட்டிவைக்க ஒரு லாச்சி கிடைத்தது. சொர்மானி போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இவற்றை மீண்டும் ஏராளமாகச் செய்தார்கள்.

சொர்மானி 1877இல் இறந்தார். அதன்பின் பட்டறையை நடத்தியவர்கள் அவருடைய மனைவியும் மகனும். அக்காலத்து மேசைகளின் பூட்டுத் தகட்டில் பொறிக்கப்பட்டிருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘விதவை சொர்மானியும் மகனும், 10, ஷார்லோ வீதி, பாரிஸ்’.

தோழியரே, இந்தச் சொல் எங்களை நிறுத்தியது. எமது சமூகத்தில் மறைத்துப் பேசப்படும் சொல், மங்கல நிகழ்வின் முன்வரிசையிலிருந்து பெண்ணை ஒதுக்கிவைத்த சொல், அங்கே பூட்டுத் தகட்டில் தொழில் அடையாளமாக நிற்கிறது. வாடிக்கையாளர் அதை நம்பிக்கையின் சின்னமாக வாசித்தார்கள்.

அதற்காகப் பிரான்சைச் சொர்க்கம் என்று எண்ணிவிடக் கூடாது. 1804இல் நெப்போலியன் கொண்டுவந்த குடியியல் சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதிவைத்தது. கணவரின் அனுமதியின்றி அவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. 1938இல்தான் அந்தச் சட்டத் தகுதியின்மை நீங்கியது. கணவரைக் கேளாமல் வங்கிக் கணக்குத் திறக்கும் உரிமை 1965இல் வந்தது. ஆக, தொழில்வல்ல பெண்ணொருவர் தம் கையெழுத்தைச் சட்டப்படி முழுமையாகப் பெற்றது கணவர் இறந்த பிறகுதான். ‘விதவை’ என்ற சொல் தகட்டில் ஏறியதன் பின்னால் இந்தச் சட்டம் இருக்கிறது. அங்கும்கூட அவருடைய சொந்தப் பெயர் தகட்டில் இல்லை. கணவரின் பெயரே இருக்கிறது.

எங்கோ நடந்த கதை என்று இதைத் தள்ளிவைக்கவும் முடியாது. தேசவழமைக்குட்பட்ட திருமணமான பெண், தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. இங்கு வந்திருக்கும் சட்டத்தரணி அக்காமார் இதை எம்மைவிட நன்கு அறிவீர்கள். போருக்குப் பின் எமது மண்ணில் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் எத்தனை பேர்! தையற்கடையும் மாவரைக்கும் ஆலையும் தோட்டமும் அவர்களால் நடக்கின்றன. அவற்றின் பெயர்ப்பலகைகளில் பலவற்றில் இன்னும் கணவரின் பெயரோ மகனின் பெயரோதான் இருக்கிறது. அன்பினால் வைத்திருந்தால் அது அவர்கள் விருப்பம். வங்கியிலும் பதிவேட்டிலும் மட்டுமாவது அவர்களின் சொந்தப் பெயர் ஏறவேண்டும். அதற்கு வேண்டிய படிவங்களை நிரப்பவும் அலுவலகங்களுக்குக் கூடப்போகவும் எமது சங்கத்தால் முடியும். இந்த நூற்றாண்டு ஆண்டில் அதை ஒரு திட்டமாக எடுக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. எமது நூற்றாண்டு மலரில் அதிபர்களின் படங்களும் தலைவிகளின் பட்டியலும் வரும், வரவேண்டியவையே. கூடவே, விடுதியில் சமைத்தவர்கள், மணி அடித்தவர், தோட்டம் கூட்டியவர்கள், எமது மேசைகளையும் வாங்குகளையும் செய்த தச்சர்கள் ஆகியோரின் பெயர்களில் உங்களுக்கு நினைவிருப்பவற்றை எழுதித் தாருங்கள். ஊர்ப்பெயரோடு, முடிந்தால் ஆண்டோடு. இன்னும் இருபது ஆண்டு சென்றால் அவற்றைச் சொல்ல ஆளிருக்காது. மண்டப வாசலில் ஒரு கொப்பியும் பேனையும் வைத்திருக்கிறோம். போகும்போது ஒரு பெயராவது எழுதிவிட்டுப் போங்கள்.